அழுவதற்கு முறை வராத பிள்ளைகள்

2020 செப்டம்பர் 25 மதியம், மருத்துவமனைக்கு வெளியே வந்து எஸ்.பி.பி. சரண் பேசிய அந்தச் சில நொடிகளை நம்மில் பலரும் பலமுறை பார்த்திருப்போம். எஸ்.பி.பி. எல்லோருக்கும் சொந்தமானவர், பாடல்களில் அவர் வாழ்ந்துகொண்டிருப்பார், அப்பா 1.04 மணிக்குக் காலமாகிவிட்டார். கிட்டத்தட்ட இவ்வளவுதான் சொன்னார். நமக்கு உரியதை முதலில் சொன்னார், தனக்கு நேர்ந்ததைக் கடைசியில் வைத்துக்கொண்டார். சற்றுமுன் அப்பாவைப் பறிகொடுத்த மகன், கேமராக்களுக்கு அந்தப் பக்கம் இருந்த அத்தனை பேருக்கும் ஆறுதல் சொன்னார். நானும் அன்று அழுதேன். ஊரே அழுதது. ஆனால் அழுகை ஓய்ந்த பிறகும் ஒரு கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை. அந்த வாசலில் யார் யாருக்கு ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும்?

அதற்கு முந்தைய ஐம்பத்தோரு நாட்களையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். ஆகஸ்ட் 5-ஆம் தேதி எஸ்.பி.பி. தானே ஒரு வீடியோ போட்டார். லேசான சளி, காய்ச்சல், கொரோனா இருக்கிறது என்று தெரிந்தது, வீட்டிலேயே இருந்திருக்கலாம், ஆனால் வீட்டில் உள்ளவர்களுக்குச் சிரமம் கொடுக்க வேண்டாமென்று வந்து சேர்ந்துவிட்டேன், யாரும் போன் பண்ணி விசாரிக்க வேண்டாம், இரண்டு நாளில் வந்துவிடுவேன் என்று சிரித்த முகமாகச் சொன்னார். ஆகஸ்ட் 13-ஆம் தேதி இரவு நிலைமை மோசமானது. வென்டிலேட்டர், அப்புறம் இதயமும் நுரையீரலும் செய்யும் வேலையை வெளியிலிருந்து செய்கிற எக்மோ கருவி. போன் பண்ண வேண்டாம் என்று அப்பா கேட்டுக்கொண்ட அதே ஊருக்கு, அன்றிலிருந்து மகன் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் வந்து, இன்று அப்பா எப்படி இருக்கிறார் என்று சொல்வார். ஆகஸ்ட் 20 மாலை 6 மணிக்குத் திரையுலகமும் ரசிகர்களும் அவரவர் இருந்த இடத்திலிருந்தே கூட்டுப் பிரார்த்தனை செய்தார்கள். இளையராஜா 'பாலு, சீக்கிரம் எழுந்து வா' என்று அழைத்த வீடியோ அதற்கு முன்பே வீடு வீடாகப் போய்ச் சேர்ந்திருந்தது. 24-ஆம் தேதி, தொற்று நீங்கிவிட்டது என்று சரண் சொன்னதாகவே ஒரு செய்தி பரவியது. அப்பா இன்னும் எக்மோவில்தான் இருக்கிறார், தயவுசெய்து வதந்தி பரப்பாதீர்கள் என்று சரண் வந்து மறுக்க வேண்டியிருந்தது. செப்டம்பர் 7-ஆம் தேதி நிஜமாகவே நல்ல செய்தி வந்தது. தொற்று இல்லை, ஐபேடில் கிரிக்கெட்டும் டென்னிஸும் பார்க்கிறார், ஐபிஎல் எப்போது தொடங்கும் என்று காத்திருக்கிறார், அப்பா அம்மா கல்யாண நாளை அங்கேயே சின்னதாகக் கொண்டாடினோம் என்றார். அன்றைக்கு எங்கள் வீட்டில் அம்மா சாமி விளக்கு ஏற்றினாள்.

அந்த வீடியோக்களுக்காக நாம் காத்திருந்ததைத் தவறென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் காலம் எப்படிப்பட்டது என்று எல்லோருக்கும் தெரியும். உள்ளே போனவரைப் பார்க்க முடியாது, தொட முடியாது, போனவர் போய்விட்டால் முகம் பார்க்கக்கூட விடமாட்டார்கள். எத்தனையோ வீடுகளில் ஆஸ்பத்திரியிலிருந்து வரும் ஒரே ஒரு போனுக்காக ராத்திரி முழுக்க விழித்திருந்தார்கள். அப்படிப்பட்ட நாட்களில் ஒரு மகன் தினம் வந்து 'அப்பா கண் விழித்தார், நான் பேசினேன், புரிந்துகொண்டார்' என்று சொல்வதைக் கேட்பது, தன் வீட்டு ஆளைப் பற்றியே நல்ல சேதி வந்தாற்போல இருந்தது. எஸ்.பி.பி. பிழைத்து வந்தால் எல்லோரும் பிழைத்து வருவார்கள் என்று ஒரு நம்பிக்கை. அது சரிதான். ஆனால் அந்த நம்பிக்கையை அந்த மனிதர் தோளில் தூக்கி வைத்தோமே, அவர் என்ன நம்பிக்கையில் இருந்தார், எந்த ராத்திரி அதை இழந்தார் என்று நமக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் நமக்கு இல்லை.

எங்கள் வீட்டுத் திண்ணை

இந்த விஷயம் என்னை இவ்வளவு தொந்தரவு செய்வதற்குக் காரணம் இருக்கிறது. என் அப்பா பிரபலம் இல்லை. திருவாரூர் பக்கம் ஒரு சிறிய ஊரில் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்து, பிறகு அதே பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் அந்த ஊருக்கும் சுற்றுவட்டக் கிராமங்களுக்கும் அவர்தான் 'சார்'. பெயர் சொல்ல வேண்டியதில்லை. கும்பகோணத்தில் பஸ் ஏறி 'சார் வீட்டுக்குப் போகணும்' என்றால் கண்டக்டரே எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும் என்று சொல்வார், அவரும் அப்பாவிடம் படித்தவராக இருப்பார். அப்பா ஒரு மார்கழி விடிகாலையில் போனார். அண்ணன் பெங்களூரிலிருந்து வந்துசேர மத்தியானம் ஆகும். அதற்குள் ஊர் வந்துவிட்டது.

பந்தல் போட்டதும் நாற்காலி வந்ததும் ஃப்ரீசர் பெட்டி வந்ததும் எங்களுக்குத் தெரியாது. யாரோ பார்த்துக்கொண்டார்கள். எட்டு மணிக்கெல்லாம் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியாகிவிட்டது என்று பக்கத்து வீட்டுப் பையன் போனில் படம் எடுத்துவந்து காட்டினான். அந்தப் படத்தை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. ஏதோ ஒரு வருஷத்து வகுப்புக் குரூப் போட்டோவிலிருந்து அப்பா முகத்தை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள். சுற்றிலும் நீல வானம், கீழே 1987-ஆம் ஆண்டு பத்தாம் வகுப்பு மாணவர்கள் என்று போட்டு, பாஸ்போர்ட் அளவில் பதினைந்து இருபது முகங்கள். அப்பாவின் சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கி இருந்தது. அம்மா பார்த்திருந்தால் அதைத்தான் முதலில் சொல்லியிருப்பாள். வீட்டில் சுவரில் மாட்டுவதற்கு எந்தப் படத்தை எடுப்பது என்று நாங்கள் யோசிக்கத் தொடங்குவதற்கு முன்பே ஊர் தன் படத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டது.

அப்புறம் அந்த ஆள் வந்தார். ஐம்பதை நெருங்கும் வயசு, கையில் ரோஜா மாலை, சட்டை முழுக்க வியர்வை. மாலையைப் போட்டுவிட்டு, அப்பா காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, திரும்பி நேராக என்னிடம் வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். பரீட்சைக்குப் பணம் கட்டியது சார்தான் என்றார். அப்பன் இல்லாத எனக்கு அப்பன் மாதிரி என்றார். 'எனக்கு இனிமே யார் இருக்கா பாப்பா' என்று கேட்டார். என் கை முழுக்க அவர் கண்ணீர். நான் என்ன செய்தேன் என்றால், 'அழாதீங்கண்ணே, அப்பா நிம்மதியா போனாரு, கஷ்டப்படல' என்று சொல்லி, அவரை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். அடுத்து வந்தவரிடமும் அதையே சொன்னேன். அதற்கடுத்து வந்தவரிடமும். சாயங்காலம் எடுத்துக்கொண்டு போகும்வரை நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். நிம்மதியாகப் போனார், கஷ்டப்படவில்லை. அது முழுக்க உண்மையும் இல்லை. கடைசி இரண்டு மணி நேரம் அப்பா மூச்சுக்குத் தவித்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். ஆனால் அழுதுகொண்டு வருகிற மனிதரிடம் அதைச் சொல்ல முடியுமா?

அவர்கள் மேல் எனக்குத் துளியும் கோபமில்லை. அவர்கள் துக்கம் நிஜம். அப்பாவை நான் அறியாத ஒரு அப்பாவாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வீட்டில் காசு விஷயத்தில் அவ்வளவு கறாராக இருந்தவர் யார் யாருக்கோ பீஸ் கட்டியிருக்கிறார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அந்தச் செல்வத்தை அவர்கள் வராவிட்டால் நான் பெற்றிருக்க முடியாது. ஆனால் இதுவும் உண்மைதான்: அன்றைக்கு முழுநாளும் நான் 'சார்' போய்விட்டதற்குத்தான் அழுகை கேட்டேன். எங்கள் அப்பா போனதற்கு அழ எனக்கு நேரம் கிடைக்கவில்லை. வாரக்கணக்கில் கிடைக்கவில்லை. அப்புறம் ஒருநாள் கேஸ் சிலிண்டர் பதிவு செய்ய அப்பாவின் போனை எடுத்தபோதுதான் அழுகை வந்தது.

ஈரக் கைகள்

டயானா இறந்தபோது ஹாரிக்குப் பன்னிரண்டு வயது, வில்லியமுக்குப் பதினைந்து. 1997 செப்டம்பர் 6-ஆம் தேதி சவப்பெட்டிக்குப் பின்னால் அந்த இரண்டு பிள்ளைகளும் தலை குனிந்து நடந்ததை உலகமே பார்த்தது. எந்தக் குழந்தையையும் எந்தச் சூழ்நிலையிலும் அப்படி நடக்கச் சொல்லக் கூடாது என்று இருபது வருஷம் கழித்து ஹாரி சொன்னார். அதைவிட என்னை உலுக்கியது 2023-இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் அவர் சொன்னது. இறுதிச் சடங்குக்கு முன்பு கென்சிங்டன் அரண்மனைக்கு வெளியே பூங்கொத்துகளோடு நின்ற கூட்டத்துக்கு இரண்டு பேரும் கைகொடுத்தார்கள். அந்த மக்களின் கைகள் ஈரமாக இருந்தன, ஏன் என்று புரியவில்லை, அப்புறம்தான் அது அவர்கள் துடைத்த கண்ணீர் என்று தெரிந்தது என்றார். அவர் அழுதது ஒரே ஒரு முறை, அம்மாவை அடக்கம் செய்த இடத்தில். இதைக் கேட்டதும் எனக்கு அந்த ரோஜா மாலைக்காரர் ஞாபகம்தான் வந்தது. நான் முப்பது வயசைத் தாண்டியவள், எனக்கே அந்த ஈரம் தாங்கவில்லை. பன்னிரண்டு வயசுப் பையன் அதற்கு என்ன செய்வான்? அவன் அழாமல் நின்றதைப் பார்த்து என்ன நிதானம், என்ன கம்பீரம் என்று மெச்சியவர்கள் எத்தனை பேர்!

நம் ஊரில் இன்னொன்று. 2018 ஆகஸ்ட் 7 சாயங்காலம் கலைஞர் மறைந்தார். அரசியல் எப்படியும் இருக்கட்டும், ஒரு மகனாக மட்டும் ஸ்டாலினை அந்த ராத்திரியில் வைத்துப் பாருங்கள். மெரினாவில் இடம் கிடையாது என்று அரசு சொல்லிவிட்டது. இரவோடு இரவாக வழக்கு, மறுநாள் காலையில் மறுபடி விசாரணை. அப்பாவின் உடல் ராஜாஜி ஹாலில் இருக்கிறது, அவரை எங்கே வைப்பது என்பது நீதிமன்றத்தில் இருக்கிறது, வெளியே லட்சக்கணக்கான தொண்டர்கள் கொதித்துப்போய் நிற்கிறார்கள், அவர்கள் அமைதி காக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ள வேண்டியவரும் அவரேதான். மெரினாவில் அடக்கம் செய்யலாம் என்று தீர்ப்பு வந்த செய்தி கேட்டதும் நின்ற இடத்திலேயே உடைந்து அழுதார். பக்கத்தில் இருந்தவர்கள் தாங்கிப் பிடித்தார்கள். அந்த அழுகையை நான் வெற்றிக் கண்ணீராகப் பார்க்கவில்லை. அதுவரை அழ அனுமதி இல்லாமல் இருந்த ஒருவருக்குக் கிடைத்த முதல் இடைவெளி அது. அப்பாவை வாழ்நாளெல்லாம் தலைவர் என்றே அழைத்துவந்தவர், கடைசியாக ஒருமுறை அப்பா என்று அழைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டு எழுதிய கடிதத்தை எதிர்க்கட்சிக்காரர்கள்கூட முழுக்கப் படிக்க முடியாமல் நிறுத்தியிருப்பார்கள். தன் தகப்பனை அப்பா என்று கூப்பிடுவதற்கு ஊரிடம் அனுமதி கேட்கிற நிலை.

பில் எவ்வளவு?

சரணிடம் திரும்பி வருகிறேன், ஏனென்றால் என் மனத்தில் முள்ளாகத் தைத்தது அந்த மருத்துவமனை வாசல்கூட இல்லை. அடக்கம் முடிந்த பிறகு நடந்தது. 25-ஆம் தேதி நுங்கம்பாக்கம் காம்தார் நகர் வீட்டில் கூட்டம் தாங்காமல், அன்றிரவே தாமரைப்பாக்கம் பண்ணை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் காவல்துறை மரியாதையோடு அடக்கம். தொலைக்காட்சியில் ஒவ்வொரு சடங்கும் நேரலையாக வந்தது. சரி, அத்தோடு அந்தக் குடும்பத்தைத் தனியாக விட்டிருக்க வேண்டும்.

மறுநாளே வாட்ஸ்அப்பில் ஒரு கதை கிளம்பியது. ஆஸ்பத்திரி பில் கட்டப் பணமில்லாமல் குடும்பம் தவித்தது, மாநில அரசிடம் கேட்டுக் கிடைக்காமல், துணைக் குடியரசுத் தலைவர் வீட்டார் தலையிட்டுத்தான் உடலையே கொடுத்தார்கள் என்று ஒரு கட்டுக்கதை. யார் எழுதியது என்று தெரியாது. ஆனால் எனக்கே நாலைந்து குழுக்களிலிருந்து வந்தது. அனுப்பியவர்கள் எல்லோரும் எஸ்.பி.பி. பாட்டுக்கு உருகுகிறவர்கள், 'எவ்வளவு பெரிய மனுஷனுக்கு இந்தக் கதியா' என்று கண்ணீர் பொம்மையோடு அனுப்பியிருந்தார்கள். அப்பாவைப் புதைத்த மண் காய்வதற்குள் சரண் மறுபடி கேமரா முன்னால் உட்கார்ந்தார். இதெல்லாம் பொய், ஏன் இப்படிச் செய்கிறீர்கள், இது எவ்வளவு பேரைக் காயப்படுத்துகிறது என்று தெரியவில்லையா, இப்படிச் செய்கிறவர்கள் எஸ்.பி.பி. ரசிகர்களாக இருக்க முடியாது, அவர் யாரையும் புண்படுத்தாதவர் என்ற ரீதியில் பேசினார். அதோடும் முடியவில்லை. மருத்துவர்களோடு சேர்ந்து செய்தியாளர்களைச் சந்தித்து, பணம் எப்போது எப்படிக் கட்டப்பட்டது என்று விளக்க வேண்டி வந்தது.

அந்தச் சந்திப்பு டிவியில் ஓடும்போது அம்மா முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். 'ஏண்டி, இன்னும் பதினாறு முடியல. அந்தப் பிள்ளையை எதுக்கு உட்கார வச்சு கணக்கு கேக்குறாங்க? அவங்க வூட்டுல வேற ஆம்பளை பொம்பளை யாரும் இல்லையா பேசுறதுக்கு?' என்றாள்.

இந்தக் கேள்வியில் எங்கள் பக்கத்து முறைமை அத்தனையும் இருக்கிறது. செத்த வீட்டில் அடுப்பு பற்றவைக்க மாட்டார்கள், பக்கத்து வீட்டிலிருந்தோ சம்பந்தி வீட்டிலிருந்தோ சாப்பாடு வரும். யாருக்குச் சொல்ல வேண்டும், வெட்டியானுக்கு எவ்வளவு, பூவுக்கு எவ்வளவு, பாடைக்கு மூங்கில் எங்கே என்று பார்ப்பது பங்காளியோ மாமனோ மச்சானோ. கொள்ளி வைக்கப் போகிற பிள்ளையிடம் யாரும் கணக்கு கேட்க மாட்டார்கள். துக்கத்துக்கு வந்தவர்கள் திரும்பும்போது 'போய்ட்டு வர்றேன்' என்றுகூடச் சொல்வதில்லை, எழுந்து நடந்துவிடுவார்கள். அந்த வீட்டார் நம்மை வழியனுப்புகிற சிரமம்கூடப் படவேண்டாம் என்பதாகத்தான் நான் அதை எடுத்துக்கொள்கிறேன். இவ்வளவு நுணுக்கமாக யோசித்து வைத்த சமூகம், ஒரு பாடகரின் மகனிடம் மட்டும் ரசீதைக் காட்டு என்கிறது. என் அப்பா சாவில் எனக்கு அழ நேரமில்லாமல் போனது, ஆனால் எனக்காக ஆள் இருந்தது. ஒரு பெரியப்பா மகன் திண்ணையில் உட்கார்ந்து பாதிப் பேரைத் தானே பார்த்துப் பேசி அனுப்பினார். 'எப்படி ஆச்சு' என்ற கேள்விக்கு அவரே பதில் சொன்னார். மருத்துவமனை வாசலில் அப்படி ஒரு பெரியப்பா மகனுக்கு இடமில்லை. யார் வந்து பேசினாலும், மகன் என்ன சொல்கிறார் என்றுதான் கேட்போம். மகன் நிதானமாகப் பேசினால் கல்நெஞ்சம் என்று கீழே கமெண்ட் வரும், உடைந்து அழுதால் நடிப்பு என்று வரும்.

சரண் விரும்பித்தானே பேசினார், யாரும் வற்புறுத்தவில்லையே என்று என் தோழி ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. சிலருக்குப் பேசுவது பலம் கொடுக்கும். எனக்கும் அன்றைக்கு அந்த ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னதுதான் என்னை நிற்க வைத்தது என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் நாம் பேசாவிட்டால் பொய் பேசும் என்ற நிலையில் ஒருவர் பேசுவதை விருப்பம் என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆகஸ்ட் 24 வீடியோவும் வதந்தியை மறுக்கத்தான், பில் பற்றிய வீடியோவும் வதந்தியை மறுக்கத்தான். அப்பாவுக்காக உட்கார்ந்திருக்க வேண்டிய நேரத்தை நம்முடைய பொய்களைத் துடைப்பதற்கு அவர் செலவழித்தார்.

குரல் யாருடையது

போனால் போகட்டும், பழைய கதை என்று விட்டுவிடலாம். விட முடியாதபடி இப்போது வேறொன்று வந்திருக்கிறது. எஸ்.பி.பி. இறந்த பிறகு வந்த படங்களின் பாட்டுகளை அவர் குரலில் பாடவைத்து, செயற்கை நுண்ணறிவில் செய்த ஒலிப்பதிவுகள் குழுக்களில் உலவுகின்றன. கேட்கும்போது ஒரு நொடி புல்லரிக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் உடனே சரண் நினைவுக்கு வருகிறார். அந்தக் குரல் அவரைத் தொட்டிலில் கூப்பிட்ட குரல், திட்டிய குரல், சாப்பிட்டாயா என்று போனில் கேட்ட குரல். 2023-இல் வந்த ஒரு தெலுங்குப் படத்தில் அப்பாவின் குரலை இப்படி உருவாக்கிப் பயன்படுத்திவிட்டார்கள் என்று குடும்பம் சார்பில் சட்ட நோட்டீஸ் அனுப்பினார்கள். எங்களிடம் கேட்கவே இல்லை என்பதுதான் அவர்களுடைய முதல் வருத்தம். ஏறத்தாழ அதே சமயத்தில் ஏ.ஆர். ரஹ்மான், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவர் குரல்களையும் ஒரு பாட்டில் கொண்டுவந்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, உரிய சன்மானமும் கொடுத்தோம் என்று வெளிப்படையாகச் சொன்னார். அந்தப் பாட்டு பிடிக்கிறதா இல்லையா என்பது வேறு விஷயம். வாசலில் நின்று கதவைத் தட்டியிருக்கிறார், அது முக்கியம்.

அமெரிக்காவில் நடிகர் ராபின் வில்லியம்ஸ் 2014 ஆகஸ்டில் இறந்தபோது அவர் மகள் ஜெல்டாவுக்கு இருபத்தைந்து வயது. அந்த வாரத்திலேயே ட்விட்டரில் யார் யாரோ கோரமான படங்களை அனுப்பி, அந்தப் பெண் அங்கிருந்து வெளியேறும்படி ஆனது. பதினோரு வருஷம் கழித்து, 2025 அக்டோபரில், அதே மகள் அப்பாவின் செயற்கை வீடியோக்களை எனக்கு அனுப்பாதீர்கள் என்று கெஞ்ச வேண்டியிருந்தது. முதலில் அனுப்பியவர்கள் கொடூரர்கள். இப்போது அனுப்புகிறவர்களில் பலர் அன்பானவர்களாகக்கூட இருக்கலாம், உங்கள் அப்பாவை உயிரோடு காட்டுகிறோம் பாருங்கள் என்ற நினைப்பில் அனுப்புகிறார்கள். எனக்கு இந்த இரண்டாவது வகைதான் அதிக பயம் தருகிறது. கெட்டவர்களை ஒதுக்கிவிடலாம். அன்போடு வந்து அப்பாவை எடுத்துக்கொண்டு போகிறவர்களிடம் என்ன சொல்வது?

எங்கள் குடும்பக் குழுவில் அப்படி ஒரு பாட்டு வந்தபோது, இனிமேல் இதை இங்கே போடாதீர்கள் என்று எழுதினேன். 'எஸ்.பி.பி. எல்லோருக்கும் சொந்தம்னு அவர் பையனே சொல்லியிருக்காரே' என்று ஒரு சித்தப்பா பதில் போட்டார். சொன்னார்தான். ஆனால் அது ஒரு மகன் பெருந்தன்மையாக நம்மை உள்ளே அழைத்தது. நாம் சொத்துப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டது போல நடந்துகொண்டால், அந்தப் பெருந்தன்மைக்கு நாம் செய்கிற மரியாதை அதுதானா?

நான் எதிர்பார்ப்பது பெரிய விஷயமில்லை. பதினாறு நாள். ஒரு பிரபலம் இறந்தால், பதினாறு நாளைக்கு அவருடைய பிள்ளைகள் முன்னால் மைக் நீட்டக் கூடாது. செய்தி வேண்டுமென்றால் மருத்துவமனை அறிக்கை இருக்கிறது, குடும்பம் சார்பில் பேச ஒருவர் இருப்பார், அவர் சொல்வதை ஏற்றுக்கொள்ள வேண்டும். சடங்கு நடக்கும் இடத்தில் ஒரே ஒரு கேமரா, அதுவும் வாசலோடு. சவப்பெட்டிக்குப் பக்கத்தில் பிள்ளை முகத்தை மட்டும் குளோசப்பில் காட்டுவதை நிறுத்தினாலே பாதி தீரும். மாலை போட வருகிற நடிகர் நடிகைகளை மகள் எப்படி வரவேற்றாள், யாரைக் கட்டிப்பிடித்தாள், யாரைப் பார்க்கவில்லை என்று அம்பு போட்டு வீடியோ போடுகிற சேனல்களை நாம் பார்க்காமல் இருந்தால் மீதியும் தீரும். அவர்கள் போடுவது நாம் பார்ப்பதால்தான்.

அப்படியானால் ரசிகர்களின் துக்கம் எங்கே போகும் என்று கேட்கலாம். அது எனக்கும் முக்கியமான கேள்வி, ஏனென்றால் எஸ்.பி.பி. போன அன்று நான் அழுததும் பொய்யில்லை. இதற்கு எனக்கு விடை சொன்னவர்கள் அப்பாவின் மாணவர்கள்தான். அப்பா போன மறு வருஷம் அந்த 1987 செட்டு ஆட்கள் தங்களுக்குள் பணம் போட்டு, பத்தாம் வகுப்பில் கணக்கில் அதிக மார்க் எடுக்கிற பிள்ளைக்கு ஒரு பரிசு ஏற்பாடு செய்தார்கள். எங்களிடம் காசு கேட்கவில்லை, அம்மாவை மேடையில் உட்காரச் சொல்லவில்லை. ரோஜா மாலையோடு வந்த அதே அண்ணன்தான் போன் பண்ணினார். 'நீங்க வரணும்னு இல்ல பாப்பா. சார் வூட்ல சொல்லாம செய்யக் கூடாதுன்னுதான் கூப்பிட்டேன்' என்றார். முதல் வருஷம் அண்ணன் போய்வந்தார். அடுத்த வருஷம் எங்களில் யாருக்கும் போக முடியவில்லை. அவர்கள் பாட்டுக்கு நடத்திவிட்டார்கள். ராத்திரி பிரியாணி சாப்பிட்டு, சார் அடித்த அடியையெல்லாம் பேசிச் சிரித்து, அழ வேண்டியவர்கள் அழுதுவிட்டுப் போனார்களாம். இப்போதும் வருஷா வருஷம் நடக்கிறது. சரணும் தமிழக அரசிடம் ஒன்றுதான் கேட்டார், அப்பா வாழ்ந்த தெருவுக்கு அவர் பெயர் வைக்க வேண்டும் என்று. 2024 செப்டம்பரில் அதற்கு உத்தரவு வந்தது, காம்தார் நகர் முதல் தெரு இன்று அவர் பெயரில் இருக்கிறது. பிள்ளை கேட்டதைக் கொடுத்தார்கள். கேட்காததை எடுக்காமல் இருப்பதும் நம்மால் முடியும்.